ஹாம்லெட் யாரை யாரோடு ஒப்பிடுகிறான்?

(மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பின் வரும் அமர்வு இது. அதனால் உரையை நீட்டி முழக்காமல், ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு அதில் ஒரே ஒரு செய்தியை மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஷேக்ஸ்பியர் நாடகம் எதைத் திறந்தாலும் கிரேக்க, ரோமானியப் புராணப் பெயர்கள் வரிசையாக வரும். ஹைப்பீரியன், நையோபி, ஹெர்குலிஸ், ஹெக்யுபா என்று அவை வரும்போது நாம் என்ன செய்கிறோம்? அடிக்குறிப்பைப் பார்க்கிறோம். நையோபி என்றால் அழுதுகொண்டே கல்லாகிப்போன அரசி என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். மாணவரும் எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அந்தப் பெயர் அந்த இடத்தில் ஏன் வந்தது, அதைச் சொல்பவர் ஏன் வேறு பெயரைச் சொல்லவில்லை என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்விக்குள்தான் பாத்திரப் படைப்பே இருக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஒப்புமை யாரைக் காட்டுகிறது?

நம் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி இல்லை. ஊரில் ஒருவரைப் பார்த்து 'சகுனி' என்கிறார்கள். வேறொருவரைக் 'கர்ணன்' என்கிறார்கள். தூங்குமூஞ்சிப் பையனுக்குக் கும்பகர்ணன் என்று பெயர் விழுகிறது. ஒரே மனிதரை அவரிடம் கடன் வாங்கியவர் கர்ணன் என்பார், வட்டி கட்டியவர் சகுனி என்பார். அந்த மனிதர் மாறவில்லை, சொல்கிற வாய்தான் மாறியிருக்கிறது. ஆக, ஒப்புமை என்பது ஒப்பிடப்படுபவரைப் பற்றிச் சொல்வதைவிட ஒப்பிடுகிறவரைப் பற்றி அதிகம் சொல்லிவிடும். இந்த ஒன்றை வகுப்பில் பிள்ளைகள் வாயாலேயே வரவழைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதிக்கு ஹாம்லெட் நாடகத்தை எடுத்துக்கொள்வோம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டென்மார்க் மன்னர் இறந்துபோகிறார். அவருடைய தம்பி கிளாடியஸ் அரியணை ஏறி, அண்ணன் மனைவி கெர்ட்ரூட்டை மணந்துகொள்கிறான். மகன் ஹாம்லெட் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் படிப்பவன். தந்தையின் ஆவி வந்து, தன்னைக் கொன்றவன் தம்பியே என்றும் பழிவாங்க வேண்டும் என்றும் மகனிடம் சொல்கிறது. மகன் தயங்குகிறான். தயக்கத்தின் முடிவில் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோகிறார்கள்.

இதில் ஹாம்லெட் ஒரு மாணவன் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவன் காலத்துப் படிப்பு லத்தீன் படிப்பு. ஷேக்ஸ்பியரும் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்ப் பள்ளியில் அதே படிப்பைப் படித்தவராகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓவிட் எழுதிய உருமாற்றக் கதைகளும் வெர்ஜில் எழுதிய ஈனியஸின் காவியமும் அந்தப் படிப்பின் உயிர்நாடி. ஓவிட்டின் நூலை ஆர்தர் கோல்டிங் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1567இல் முழுமையாக வெளியிட்டார். ஷேக்ஸ்பியருக்கு அப்போது மூன்று வயது. ஆகவே இந்தக் கதைகள் அவருக்குப் பள்ளிப் பாடமாகவும் கிடைத்தன, தாய்மொழியிலும் கிடைத்தன. ஹாம்லெட் பேசும்போது புராணப் பெயர் வருகிறது என்றால், ஒரு மாணவன் தான் படித்த பாடத்தைக் கொண்டு தன் வீட்டு நிலவரத்தை அளந்து பார்க்கிறான் என்று பொருள். ஆசிரியர்களாகிய நமக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. பள்ளியில் கொடுத்த அளவுகோல் வாழ்க்கையை அளக்கப் போதுமா என்பது இந்த நாடகத்தின் கேள்விகளில் ஒன்று.

முதல் தனிமொழியில் மூன்று பெயர்கள்

முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் எல்லாரும் போனபின் ஹாம்லெட் தனியாக நின்று பேசுகிறான். ஆவியை அவன் இன்னும் பார்க்கவில்லை. கொலை நடந்த செய்தி அவனுக்குத் தெரியாது. தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதும், ஒரு மாதத்துக்குள் தாய் மறுமணம் செய்துகொண்டாள் என்பதும்தான் அவன் மனத்தில் இருக்கின்றன. இந்த நிலையில் அவன் வாயில் வரும் பெயர்களைப் பாருங்கள்.

முதலில், தந்தையை ஹைப்பீரியன் என்கிறான், சித்தப்பாவைச் சாட்டிர் என்கிறான். ஹைப்பீரியன் ஒளிக்குரிய தேவன், சூரியனின் தந்தை. சூரியனையே அந்தப் பெயரால் அழைப்பதும் உண்டு. சாட்டிர் இடுப்புக்குக் கீழே ஆட்டுக்கால் கொண்ட வனவாசி. மது தேவன் பரிவாரத்தில் குடித்துக் கூத்தாடிப் பெண்களைத் துரத்தும் பிறவி. கிளாடியஸ் கோப்பையை உயர்த்தும்போதெல்லாம் அரண்மனையில் பீரங்கி முழங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சாட்டிர் என்ற பெயர் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் எங்கே? ஹாம்லெட்டின் அளவுகோலில் மேலே தேவன், கீழே மிருகம், இடையில் ஒன்றும் இல்லை. சித்தப்பா கொலைகாரன் என்று தெரிவதற்கு முன்பே அவனை மிருகக் கணக்கில் சேர்த்துவிட்டான். தந்தையும் தம்பியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதைக்கூட இந்த ஒப்புமை மறைத்துவிடுகிறது. இப்படி இரண்டே நிறத்தில் உலகைப் பார்ப்பவன் பின்னால் தாயிடமும் காதலியிடமும் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு முதல் அடையாளம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்து நையோபி. தந்தையின் சவ ஊர்வலத்தில் தாய் நையோபியைப் போலக் கண்ணீராகவே போனாள் என்கிறான். நையோபி தீப்ஸ் நகரத்து அரசி. ஓவிட் சொல்லும் கதையில் அவளுக்கு ஏழு மகன்கள், ஏழு மகள்கள். இரண்டே பிள்ளை பெற்ற லட்டோனா தேவியைவிட நான் பெரியவள் என்று பெருமை பேசினாள். லட்டோனாவின் பிள்ளைகளான அப்பல்லோவும் டயானாவும் பதினான்கு பேரையும் அம்பெய்து கொன்றார்கள். நையோபி அழுது அழுது கல்லானாள். கல்லான பிறகும் அவள் கண்ணீர் நிற்கவில்லை.

இங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று வெளிப்படை. நையோபியின் கண்ணீர் என்றைக்கும் நிற்காதது, கெர்ட்ரூட்டின் கண்ணீர் ஒரு மாதத்தில் நின்றது. அந்தக் குத்தல் எல்லாருக்கும் கேட்கும். இன்னொன்று கொஞ்சம் உள்ளே இருப்பது. நையோபி அழுதது முக்கியமாகத் தன் பிள்ளைகளுக்காக. கணவனுக்காக அழும் பெண்ணைச் சொல்ல வந்த மகன், பிள்ளைகளுக்காக அழுத தாயைத் தேர்ந்தெடுக்கிறான். எனக்காக யாராவது அழுவார்களா என்ற ஏக்கம் அந்தத் தேர்வில் கேட்கவில்லையா? தந்தையை இழந்த மகன் தாயின் கவனத்தையும் இழந்து நிற்கிறான். அதை அவனால் நேராகச் சொல்ல முடியவில்லை. நையோபியின் பெயர் அவனுக்காகச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது ஹெர்குலிஸ். நான் ஹெர்குலிஸைப் போல் இல்லாதது எவ்வளவு உண்மையோ, அந்த அளவுக்குச் சித்தப்பா என் தந்தையைப் போல் இல்லை என்று போகிற போக்கில் சொல்கிறான். பேச்சு சித்தப்பாவைப் பற்றியது. ஆனால் நமக்குக் கிடைப்பது ஹாம்லெட் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட மதிப்பீடு. ஹெர்குலிஸ் இட்ட பணியை மறுகேள்வி இல்லாமல் செய்து முடித்தவன். சிங்கத்தைக் கொல் என்றால் கொல்வான், தொழுவத்தைச் சுத்தம் செய் என்றால் ஆற்றையே திருப்பிவிட்டுக் கழுவுவான். பன்னிரண்டு பணிகளில் ஒன்றுக்கும் அவன் தனிமொழி பேசியதாகக் கதை இல்லை. நான் அவன் இல்லை என்று ஹாம்லெட் சொல்கிறான். யாரும் அவனிடம் எந்தப் பணியையும் இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன்பே, செயல் வீரனுக்குரிய பணி எனக்கு ஒத்துவராது என்று அவனே பதில் சொல்லிவிட்டான். நாடகத்தின் மீதி நான்கு அங்கங்களும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்று சொன்னாலும் தகும்.

சிங்கம் எழுகிறது

இரண்டு காட்சி கழித்து ஆவி வந்து கையசைத்து அழைக்கிறது. நண்பர்கள் போகாதே என்று தடுக்கிறார்கள். அப்போது ஹாம்லெட், என் உடம்பின் சிறு நரம்பும் நீமியா சிங்கத்தின் நரம்பைப் போல் முறுக்கேறி நிற்கிறது என்கிறான். மாணவர்கள் இதைப் படித்தால், பாருங்கள், வீரம் வந்துவிட்டது என்பார்கள். வந்தது உண்மைதான். ஆனால் நீமியா சிங்கம் யாரால் செத்தது? ஹெர்குலிஸின் முதல் பணியே அந்தச் சிங்கத்தைக் கொல்வதுதான். வீரம் பொங்கும் நேரத்திலும் அவன் தன்னை ஹெர்குலிஸாக நினைக்கவில்லை, ஹெர்குலிஸால் கொல்லப்பட்ட விலங்காகவே நினைக்கிறான். பலம் இருக்கிறது, முடிவும் கூடவே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இதைத் திட்டமிட்டு வைத்தாரா என்று கேட்டால் என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பெயரும் ஒரே கதையில் இருந்து ஒரே அங்கத்துக்குள் வந்திருக்கின்றன. மாணவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

அடுத்த காட்சியில் ஆவியும் ஒரு புராணப் பெயரைச் சொல்கிறது. இதைக் கேட்டும் நீ கிளர்ந்தெழாவிட்டால், லீத்தி ஆற்றங்கரையில் சும்மா கிடந்து கொழுக்கும் களையைவிட மந்தமானவன் என்கிறது. லீத்தி பாதாள உலகத்தின் மறதி ஆறு. தன்னை மறந்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் அந்தத் தந்தையை வாட்டுகிறது. விடைபெறும்போதும் என்னை நினைவில் வை என்றே கேட்கிறது. தேவனுக்கு இந்த அச்சம் ஏது? அது மனிதனின் அச்சம்.

பிர்ரஸின் வாள், ஹெக்யுபாவின் கண்ணீர்

நாடகத்தில் புராணம் முழுக்கதையாக வரும் இடம் இரண்டாம் அங்கத்தில் இருக்கிறது. நாடகக் குழு அரண்மனைக்கு வருகிறது. ஹாம்லெட் அவர்களிடம் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பேசிக் காட்டச் சொல்கிறான். ட்ராய் நகரம் வீழ்ந்த இரவில், பிர்ரஸ் என்ற கிரேக்க வீரன் முதிய மன்னன் ப்ரையமைக் கொன்ற கதை அது. ஈனியஸ் டைடோவுக்குச் சொல்வதாக அமைந்தது. நடிகன் தொடங்கும் முன்பே ஹாம்லெட் தானே சொல்லத் தொடங்குகிறான். முதல் வரியைத் தவறாக எடுத்து, இல்லை இல்லை என்று திருத்திக்கொண்டு, பல வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறான். கேட்டு எவ்வளவோ நாளான பகுதி. அதை அவன் விடாமல் மனத்தில் வைத்திருக்கிறான் என்றால் அவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

பிர்ரஸ் அகிலீஸின் மகன். தந்தையைப் போரில் பறிகொடுத்தவன். பழிவாங்க வந்தவன். அதாவது, ஹாம்லெட் செய்ய வேண்டியதைச் செய்பவன். ஆனால் நடிகன் காட்டும் சித்திரம் எப்படி இருக்கிறது? கறுத்த கவசம் முழுக்க ரத்தம். தந்தையர், தாயர், மகன்கள், மகள்கள் எல்லாருடைய ரத்தமும் அவன்மேல் உறைந்திருக்கிறது. எதிரே நிற்பவன் வாளைத் தூக்கவும் வலுவில்லாத கிழவன். பழிவாங்கும் மகன் என்ற பாத்திரத்தை ஹாம்லெட் ஏற்றால் எப்படி இருப்பான் என்பதற்கு ஒரு கண்ணாடி இது. அவனை அந்தக் காட்சி ஈர்க்கவும் செய்கிறது, அச்சுறுத்தவும் செய்கிறது.

அந்தக் கதையின் நடுவே ஒரு சிறு இடம் வரும். பிர்ரஸ் வாளை ஓங்கிவிட்டான். அந்நேரம் எரியும் கோட்டை பேரொலியோடு சரிகிறது. வாள் அந்தரத்தில் நிற்கிறது. ஒன்றும் செய்யாமல், ஓவியத்தில் வரைந்த கொடுங்கோலனைப் போல் பிர்ரஸ் நிற்கிறான். பிறகு மீண்டும் வெறி எழ, வாள் இறங்குகிறது. மூன்றாம் அங்கத்தில் இதே காட்சியை நாம் மறுபடி பார்க்கிறோம். கிளாடியஸ் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கிறான். பின்னால் ஹாம்லெட் வாளோடு நிற்கிறான். வாள் நிற்கிறது. பிர்ரஸின் வாள் நின்று இறங்கியது, ஹாம்லெட்டின் வாள் நின்று உறைக்குத் திரும்புகிறது. வேண்டுதலின்போது கொன்றால் அவன் சொர்க்கம் போய்விடுவான் என்று காரணம் சொல்லிக்கொள்கிறான்.

அடுத்த காட்சியிலேயே, திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று பார்க்காமல் வாளைச் செருகுகிறான். இறந்தது பொலோனியஸ். ஒரு கிழவர், இரண்டு பிள்ளைகளின் தந்தை. அந்த நொடியிலிருந்து லேயர்டீஸுக்கு ஹாம்லெட்தான் பிர்ரஸ். தந்தையைப் பறிகொடுத்துப் பழிவாங்க வந்த மகனே இன்னொரு மகனின் தந்தையைக் கொன்றவனாகிவிட்டான். இரண்டாம் அங்கத்தில் கேட்ட பழங்கதை மூன்றாம் அங்கத்தில் அவன் கையிலேயே நடந்துவிட்டது. இந்த முடிச்சை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் ஏற்படும் அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதே பேச்சின் கடைசியில் ஹெக்யுபா வருகிறாள். ப்ரையமின் மனைவி. முடி இருந்த தலையில் கந்தல், காலில் செருப்பில்லை, கணவன் வெட்டுப்படுவதைக் கண்டு அலறுகிறாள். சொல்லும்போதே நடிகன் முகம் வெளிறி, கண் கலங்கிவிடுகிறது. ஹாம்லெட்டைத் தாக்குவது அந்தக் கண்ணீர்தான். எங்கோ என்றோ இருந்ததாகச் சொல்லப்படும் ஓர் அரசிக்காக இவன் அழுகிறானே, சொந்தத் தந்தை கொல்லப்பட்ட நான் என்ன செய்கிறேன் என்று தன்னையே ஏசிக்கொள்கிறான். நையோபி, ஹெக்யுபா இருவருமே அழுத அரசிகள். தாய் எப்படி அழுதிருக்க வேண்டும் என்று அவன் தன் மனத்துக்குள் வைத்திருக்கும் இரண்டு சிலைகள். உயிரோடு இருக்கும் கெர்ட்ரூட் அந்தச் சிலைகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

தேவர்களின் உறுப்புகளால் ஆன தந்தை

தாயின் அறையில் இரண்டு படங்களைக் காட்டி ஹாம்லெட் பேசுவது பலருக்கும் தெரிந்த காட்சி. தந்தையின் சுருள்முடி ஹைப்பீரியனுடையது, நெற்றி ஜோவுடையது, கண் மார்ஸுடையது, நிற்கும் கோலம் மலையுச்சியில் வந்திறங்கிய மெர்குரியுடையது. நான்கு தேவர்களிடம் ஒவ்வோர் உறுப்பாக வாங்கி ஒரு தந்தையைச் செதுக்குகிறான். சித்தப்பாவுக்கு இப்போது சாட்டிர் என்ற பெயர்கூட இல்லை. பூஞ்சை பிடித்த கதிர், அவ்வளவுதான்.

இந்தத் தேவர்களின் கதையை ஓவிட்டில் படித்தவன் ஹாம்லெட். ஜோவின் பெண்ணாசைக் கதைகளும், மார்ஸ் வல்கனின் மனைவியோடு வலையில் சிக்கிய கதையும் அவனுக்குத் தெரியாதவை அல்ல. இரண்டு காட்சிக்கு முன், ஹொரேஷியோவிடம் பேசும்போது, கிளாடியஸ் குற்றவாளி இல்லை என்று தெரிந்தால் என் கற்பனை வல்கனின் கொல்லுப்பட்டறையைப் போல் கரிபிடித்தது என்று வைத்துக்கொள் என்று அவனே சொல்லியிருக்கிறான். ஆனாலும் தந்தையைப் பேசும்போது தேவர்களின் நடத்தையை விட்டுவிட்டு நெற்றியையும் கண்ணையும் மட்டும் எடுத்துக்கொள்கிறான். நேசிக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பொறுக்குவார்கள். அதில் தவறில்லை. அந்தப் படத்தைக் கொண்டுபோய் இன்னொருவரின் முகத்துக்கு நேரே நீட்டும்போதுதான் அது ஆயுதமாகிறது.

பதினோராம் வகுப்பில் ஒரு முறை இந்தக் காட்சியைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அவங்க அப்பா ஆவியா வந்தப்ப, நான் செஞ்ச பாவத்துக்குத் தீயில வேகுறேன்னுதானே சொன்னார்? இவன் அதைக் கேக்கவே இல்லையா?" என்றாள். எத்தனையோ முறை படித்த எனக்கு அந்தக் கோணம் தோன்றியதில்லை. அவள் சொன்னது சரிதான். பாவமன்னிப்புப் பெறும் முன்பே, பாவங்களோடு கொல்லப்பட்டேன் என்று ஆவி தெளிவாகச் சொல்கிறது. தந்தை தன்னை மனிதன் என்கிறார். மகன் தேவன் என்கிறான். தாயைத் துன்புறுத்தாதே என்றும் அந்தத் தந்தை சொல்லியிருந்தார். மகன் காதில் அதுவும் விழவில்லை. தாயின் அறையில் பேச்சு எல்லை மீறிப் போகும்போது ஆவி மறுபடி வருகிறது, தாயிடம் பேசு என்றும் சொல்கிறது.

நம் வகுப்பறைகளில் தந்தையை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய் அந்தப் படத்தின் கீழே நின்று திட்டு வாங்கும் வீடுகளும் உண்டு. அப்பா இருந்திருந்தால் இப்படி நடக்காது என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தத் தாய் நொறுங்கிவிடுவாள். இந்தக் காட்சியை நடத்தும்போது யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, அறிவுரையும் வேண்டாம். ஹாம்லெட் எங்கே நியாயமாகப் பேசுகிறான், எங்கே எல்லை மீறுகிறான் என்று மட்டும் கேட்டால் போதும். கேட்க வேண்டிய பிள்ளை கேட்டுக்கொள்ளும்.

ஒப்புமை இல்லாத ஒஃபீலியா

ஒஃபீலியாவை ஹாம்லெட் வனதேவதை என்று விளித்து அழைக்கிறான். அடுத்த சில நிமிடங்களில் கன்னிமாடத்துக்குப் போ என்று விரட்டுகிறான். அவளுக்கும் மேலே ஓரிடம், கீழே ஓரிடம், நடுவில் இடமில்லை. ஆனால் அவன் போனபின் ஒஃபீலியா அவனைப் பற்றிப் பேசுவதைக் கவனியுங்கள். அரசவையாளன், வீரன், அறிஞன், எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொண்ட முன்மாதிரி என்கிறாள். அந்தப் பேச்சில் ஒரு தேவன்கூட இல்லை. இசை பிசகிய மணியைப் போல அவன் அறிவு பிசகிவிட்டதே என்று வருந்துகிறாள். பல்கலைக்கழகம் போகாத பெண், மனிதனை மனிதனாகவே பார்க்கிறாள். புராணப் பெயர் வராத இடமும் பாத்திரத்தைக் காட்டும் என்பதற்கு அவள் பேச்சே சான்று.

தேவர்கள் விடைபெறும் இடம்

ஐந்தாம் அங்கத்தில் ஒஃபீலியாவின் குழிக்குள் லேயர்டீஸ் குதிக்கிறான். பீலியன் மலையைவிட, ஒலிம்பஸைவிட உயரமாக என்மேல் மண்ணைக் குவியுங்கள் என்று கதறுகிறான். ஹாம்லெட் பாய்ந்து வந்து, எங்கள்மேல் குவிக்கும் மண்ணுக்கு முன் ஒஸ்ஸா மலையே ஒரு மருவாகத் தெரியட்டும் என்கிறான். வானத்தை எட்டுவதற்காக அரக்கர்கள் மலைமேல் மலை அடுக்கித் தோற்ற கதை அது. இறந்தவளை விட்டுவிட்டு யாருடைய துயரம் உயரம் என்று இரண்டு பேர் குழிக்குள் சண்டை போடுகிறார்கள். லேயர்டீஸின் மிகைப்பேச்சைக் கேட்டு எரிச்சல்பட்டவன் அதே மிகைப்பேச்சில் இறங்கிவிட்டான். போகும்போது, ஹெர்குலிஸே வந்தாலும் நடப்பது நடக்கும் என்கிற பொருளில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறான். முதல் அங்கத்தில் தன்னை அளக்கப் பயன்பட்ட அந்தப் பெயர் இப்போது அளவுகோலாக இல்லை. ஹெர்குலிஸாலும் ஆகாதது உண்டு என்ற இடத்துக்கு வந்துவிட்டான். அதே காட்சியில் சற்று முன்புதான், அலெக்சாண்டர் மண்ணாகி ஒரு பீப்பாயின் ஓட்டையை அடைக்கப் பயன்படலாம் என்று மண்டையோட்டைக் கையில் வைத்துப் பேசியிருந்தான்.

அதன் பிறகு இறுதிக் காட்சி. வாள்போட்டிக்குப் போகும் முன் ஹொரேஷியோவிடம் அமைதியாகப் பேசும் ஹாம்லெட் எந்தக் கிரேக்கத் தேவனையும் துணைக்கு அழைப்பதில்லை. சிட்டுக்குருவி வீழ்வதைப் பற்றிய விவிலிய நினைவு ஒன்று வருகிறது, ஆயத்தமாக இருப்பதே எல்லாம் என்கிறான். லேயர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கிறான். விஷம் ஏறிச் சாகும் நேரத்தில் அவன் கேட்பது, என் கதையைச் சரியாகச் சொல் என்பது மட்டும்தான். பிறரின் கதைகளைக் கொண்டு தன்னை அளந்துகொண்டிருந்த மாணவன் கடைசியில் தனக்கென ஒரு கதை உண்டு என்று உணர்கிறான். அதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. நாடகத்தின் துயரம் அங்கேதான் இருக்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முழு நாடகத்தையும் நடத்த நமக்குப் பாடவேளை கிடையாது. ஷேக்ஸ்பியரின் எந்தப் பகுதி பாடத்தில் இருந்தாலும் இரண்டு பாடவேளையில் இதைச் செய்துவிடலாம். கரும்பலகையில் நான்கு கட்டங்கள் போடுங்கள். பெயர் என்ன, யார் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்கிறார், அந்தக் கதையில் அவர் சொல்லாமல் விட்டது என்ன. நான்காவது கட்டம்தான் முக்கியம். நையோபியின் பிள்ளைகளும், நீமியா சிங்கத்தின் முடிவும், ஜோவின் நடத்தையும் அந்தக் கட்டத்தில்தான் வந்து விழும்.

புராணக் கதையை ஐந்து வாக்கியத்துக்கு மேல் சொல்லாதீர்கள். சொல்லச் சொல்லச் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் பாடவேளை முடிந்துவிடும், நாடகம் நின்ற இடத்திலேயே நிற்கும். கதையைக் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து மாணவர்களையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தயங்கும் பிள்ளை ஹெக்யுபாவின் கதையைத் தமிழில் சொல்லும்போது அதன் குரல் மாறுவதைப் பார்க்கலாம். பிறகு இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுத வைப்பது எளிது.

இன்னொரு பயிற்சியும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அதை மாணவர்களிடம் சொல்லிவிட்டு, நீங்கள் மொழிபெயர்ப்பாளராக இருந்தால் நையோபிக்குப் பதிலாக யாரைப் போடுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை காந்தாரி என்று சொல்லும், நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்று காரணம் காட்டும். வேறொரு பிள்ளை கண்ணகி என்று சொல்லும், கணவனுக்காக அழுதவள் என்று வாதிடும். பிள்ளைக்காக அழுதவளா, கணவனுக்காக அழுதவளா என்ற விவாதம் தொடங்கும்போதே, ஹாம்லெட் ஏன் நையோபியைத் தேர்ந்தெடுத்தான் என்ற கேள்விக்கு அவர்கள் வந்துசேர்ந்திருப்பார்கள். விடை எதுவானாலும் காரணம் சொன்னால் மதிப்பெண் கொடுங்கள்.

அடுத்த முறை அடிக்குறிப்பில் ஒரு புராணப் பெயர் வந்தால், அது யார் என்று கேட்டதோடு நிறுத்தாமல், இதைச் சொன்னவர் யார், ஏன் இந்தப் பெயரைச் சொன்னார் என்று இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.